ஈறு சிகிச்சைக்குப் பிறகு: எவ்வளவு பராமரிப்பு, யார் பொறுப்பு?

முற்றிய ஈறு நோய்க்குச் சிகிச்சை முடித்து அனுப்பும்போது பல் மருத்துவர் கடைசியாகச் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க." அதற்குள் வீக்கம் வற்றியிருக்கும், ரத்தக் கசிவு நின்றிருக்கும், வாய் நாற்றமும் போயிருக்கும். வலியே இல்லாத பல்லைக் காட்ட எதற்குப் போக வேண்டும் என்று நோயாளிக்குத் தோன்றினால் அதில் வியப்பில்லை. மூன்று மாதம் என்ற கெடு எங்கிருந்து வந்தது? ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனால் என்ன கெட்டுவிடும்? வீட்டில் ஒழுங்காகத் துலக்கினால் போதாதா? எத்தனை வருடத்துக்கு இப்படிப் போய்வருவது?

நூறாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்விகளுக்குப் பல் மருத்துவம் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்திருக்கிறது. சில விடைகள் கைவிடப்பட்டன. சில, சான்று போதாத நிலையிலும் வழக்கமாக ஊன்றிவிட்டன. அந்த விடைகளின் பின்னணியையும் பலவீனங்களையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோய் ஏன் திரும்புகிறது?

ஆரோக்கியமான வாயிலும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மி.மீ. வரை ஆழமுள்ள பள்ளம் உண்டு. அதன் ஓரத்தில் கிருமிகள் படலமாகப் படிகின்றன. இந்தப் பற்படலம் அகற்றப்படாவிட்டால் ஈறு சிவந்து வீங்கித் தொட்டால் ரத்தம் கசியும். இது ஈறு அழற்சி. படலத்தை அகற்றினால் முழுக்கச் சரியாகிவிடும். அழற்சி உள்ளே இறங்கி, பல்லை எலும்போடு பிணைக்கும் நார்களையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கினால் அது முற்றிய ஈறு நோய். பள்ளம் ஐந்து, ஆறு, ஏழு மி.மீ. என ஆழமாகிறது. பல் மருத்துவர்கள் இதைத்தான் 'பாக்கெட்' என்கிறார்கள்.

சிகிச்சை இந்தப் பாக்கெட்டுக்குள் இருக்கும் படலத்தையும் அது இறுகி உண்டான காரையையும் அகற்றுகிறது. வீக்கம் வற்றி ஈறு சற்றுக் கீழிறங்க, பாக்கெட்டின் ஆழம் குறைகிறது. ஆனால் போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. கடைவாய்ப் பற்களின் வேர்கள் பிரியும் இடத்திலும், மிக ஆழமாக இருந்த இடங்களிலும் கொஞ்சம் ஆழம் மிஞ்சிவிடுகிறது. அந்த ஆழத்துக்கு பிரஷ்ஷின் நார் எட்டாது. பற்படலம் கட்டுப்படுத்தப்படாத வாயில், சுத்தம் செய்த ஆழமான பாக்கெட்டுக்குள் பழைய கிருமிக் கூட்டம் நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் மறுபடி குடியேறிவிடக்கூடும் என்று 1984இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது.

அமெரிக்க, ஐரோப்பிய ஈறுநோய் வல்லுநர்கள் 2017இல் கூடி வகுத்து 2018இல் வெளியிட்ட வகைப்பாடும் இதே கருத்தையே ஏற்றது. முற்றிய ஈறு நோய் ஒருமுறை வந்தவர், சிகிச்சைக்குப் பின் வாய் எவ்வளவு நலமாக இருந்தாலும், வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கப்பட வேண்டியவரே. நோய் 'குணமானது' என்பதைவிட 'அடங்கியிருக்கிறது' என்பதே பொருத்தம். இந்த இடம்வரை பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடங்கியதை அடங்கியே வைத்திருப்பது எப்படி என்பதில்தான் விடைகள் பிரிகின்றன.

முதல் விடை: ஒரே சிகிச்சையில் தீர்த்துவிடலாம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர், காரையை வேரின் ஆழம்வரை சுரண்டி எடுத்தால் ஈறு நோய் தீரும் என்று வாதாடினார். நோய்க்கே அங்கே 'ரிக்ஸ் நோய்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைக்குப் பின், வாயின் சீழே உடலின் பல நோய்களுக்கு ஊற்று என்ற கருத்து பரவியது. ஈறு கெட்ட பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கும் காலம் ஒன்றும் வந்துபோனது. பின்னர் அறுவை சிகிச்சை வளர்ந்தது. பாக்கெட்டை வெட்டியோ ஈறைத் திறந்து தைத்தோ ஆழமே இல்லாமல் செய்துவிட்டால் கிருமிக்கு ஒளிய இடம் இருக்காது என்பது அதன் தர்க்கம்.

மூன்று வழிகளும் ஒரே நம்பிக்கையில் நின்றன: சிகிச்சை சரியாக நடந்துவிட்டால் அதோடு வேலை முடிந்தது. 1970களில் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் நைமன், ரோஸ்லிங், லிண்டே ஆகியோர் செய்த ஆய்வுகள் இந்த நம்பிக்கையை உடைத்தன. அறுவைக்குப் பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொழில்முறைச் சுத்தம் பெற்றவர்களின் ஈறு ஆறி நிலைத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் வந்தவர்களுக்குப் பாக்கெட் மறுபடி ஆழமானது. 1977இல் வெளிவந்த அவர்களின் அடுத்த ஆய்வு, பற்படலம் நிறைந்த வாயில் எந்த வகை ஈறு அறுவை செய்தாலும் பல்லுக்கு எலும்போடு உள்ள பிடிமானம் தொடர்ந்து குறைவதைக் காட்டியது. அறுவை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பின்தொடர் பராமரிப்பு இல்லாத அறுவை பலன் தராது, சில வேளை கேடாகவும் முடியும் என்பதே இதிலிருந்து பெற்ற பாடம்.

இரண்டாவது விடை: எல்லாம் நோயாளியின் கையில்

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்றனர். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் மறைந்தது. காரணம் பற்படலமே என்பது இவ்வளவு தெளிவாக அதற்கு முன் நிறுவப்பட்டதில்லை. நோயைப் படலம் உண்டாக்குகிறது, படலத்தை நாள்தோறும் அகற்றக்கூடியவர் நோயாளி மட்டுமே, ஆகவே பராமரிப்பும் அவர் பொறுப்பு: இந்த முடிவுக்கு வருவது எளிதாக இருந்தது.

இதில் உண்மை நிறைய உண்டு. ஆனால் இரண்டு இடங்களில் இது தடுமாறுகிறது. முதலாவது, ஈறு அழற்சி வந்த எல்லோருக்கும் எலும்பு அரிப்பதில்லை. இதற்கான அழுத்தமான சான்று இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தது. 1970இல் லோவின் குழு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ்த் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களுக்குப் பல் மருத்துவ வசதியும் இல்லை, வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கமும் இல்லை. எல்லோர் வாயிலும் படலமும் காரையும் ஈறு அழற்சியும் இருந்தன. ஆனால் 1986இல் வெளியான முடிவில், ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியிருந்தது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு அது ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. அழுக்கு ஒன்றாக இருந்தும் அழிவு ஒன்றாக இல்லை. ஈறு நோயின் இயல்பான போக்கைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி இந்த மலையகத் தமிழர்களின் வாயில் எடுத்த அளவுகளே. எஞ்சியவர்களைத் தேடி 2010இல் மீண்டும் சோதித்தபோது 75 பேரையே காண முடிந்தது; 40 ஆண்டுத் தரவு 2017இல் வெளியானது.

இரண்டாவது தடுமாற்றம், மிஞ்சிய ஆழம். மேற்பரப்பை எவ்வளவு நன்றாகத் துலக்கினாலும் ஆறு மி.மீ. பாக்கெட்டின் அடியை வீட்டில் யாராலும் சுத்தம் செய்ய முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டு குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வும் இந்தக் கருத்துக்கு இடையூறாக நின்றது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொழில்முறைச் சுத்தம் பெற்றவர்களிடையே, வீட்டில் துலக்குவதில் சற்று முன்பின் இருந்தவர்களுக்கும் பிடிமானம் பெரிதாக வேறுபடவில்லை.

வீட்டுப் பராமரிப்பில் எந்தக் கருவி என்பது இந்த விடைக்குள் ஓடும் ஒரு கிளை விவாதம். ஈறு இறங்கிப் பல்லிடுக்கு அகன்ற வாய்க்கு, நூலைவிடப் பல்லிடுக்கு பிரஷ் ஏற்றது என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து. அகன்ற இடுக்கிலும் வேரின் குழிவிலும் நூல் படியாது, பிரஷ்ஷின் நார் படியும். நம் ஊர்களின் வேப்பங்குச்சியும் பற்பொடியும் இந்த இடுக்கை எட்டுவதில்லை. சிகிச்சைக்குப் பின் வெளியே தெரியும் வேர், பல்லின் மேல் எனாமலைவிட மிருதுவானது. அதன்மேல் கரியும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்தால் படலம் போகிறதோ இல்லையோ, வேர் நிச்சயம் தேயும்.

மூன்றாவது விடை: மூன்று மாதக் கெடு

ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்சல்சனும் லிண்டேயும் 1970களின் தொடக்கத்தில் 375 பேரை ஒரு குழுவிலும் 180 பேரை ஒப்பீட்டுக் குழுவிலும் சேர்த்தனர். முதல் குழுவுக்கு ஆரம்பத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சுத்தமும் துலக்கப் பயிற்சியும் கிடைத்தன. மற்றவர்கள் ஆண்டுக்கொரு முறை வழக்கமான பல் மருத்துவம் பெற்றனர். ஆறு ஆண்டு முடிவில் முதல் குழுவினருக்குப் பிடிமானம் ஏறத்தாழக் குறையவே இல்லை. ஒப்பீட்டுக் குழுவுக்குக் குறைந்தது. முதல் குழுவில் எஞ்சியவர்களை 30 ஆண்டு வரை பின்தொடர்ந்ததில், வயதைப் பொறுத்துச் சராசரியாக 0.4 முதல் 1.8 பல் மட்டுமே போயிருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை வேர் உடைந்து போனவையே.

சிகிச்சை பெற்ற நோயாளிகளை நேரடியாக ஒப்பிட்டது, அதே இருவர் 1981இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு. 90 பேருக்கு ஈறு சிகிச்சை முடித்து, மூன்றில் ஒருவரைச் சொந்த ஊர்ப் பல் மருத்துவரிடமே திருப்பி அனுப்பினர். மற்றவர்களை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்தனர். ஆறு ஆண்டில் வந்துபோனவர்களின் ஈறு நிலைத்திருந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்களிடம் நோய் மீண்டிருந்தது. அமெரிக்காவில் பெக்கர் குழுவினர் 1979 முதல் 1984 வரை வெளியிட்ட மூன்று கட்டுரைகளும் இதே திசையைக் காட்டின. சிகிச்சையே பெறாதவர் ஆண்டுக்கு 0.36 பல், சிகிச்சை பெற்றுப் பராமரிப்புக்கு வராதவர் 0.22 பல், இரண்டும் பெற்றவர் 0.11 பல் என்ற அளவில் இழந்தனர்.

கிருமி திரும்பக் குடியேறும் கால அளவும் இந்த ஆய்வுகளின் வழக்கமும் சேர்ந்தே மூன்று மாதக் கெடுவை உருவாக்கின. இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை, அடிக்கடி வந்தவர்களை அரிதாக வந்தவர்களோடு அல்லது வராதவர்களோடு ஒப்பிட்டவை. மூன்று மாதத்தை நான்கோடு, ஆறோடு இவற்றில் எதுவும் முறையாக ஒப்பிடவில்லை. கார்ல்ஸ்டாட்டின் ஒப்பீட்டுக் குழு ஆறு ஆண்டோடு நின்றுவிட்டது. 30 ஆண்டு முடிவுக்கு எதிர்ப்பக்கத் தரவு கிடையாது. அந்த ஆய்விலேயே பிற்காலத்தில் வருகை இடைவெளி அவரவர் தேவைப்படி 3 முதல் 12 மாதமாக மாறியது. பெக்கர் ஒப்பிட்ட மூன்று குழுக்களும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவை அல்ல. பராமரிப்புக்குத் தவறாமல் வருகிறவர் வீட்டிலும் ஒழுங்காகத் துலக்குகிறவராக, வசதியுள்ளவராக, புகை பிடிக்காதவராக இருக்கும் வாய்ப்பு அதிகம். காத்தது வருகையா, வந்தவரின் இயல்பா என்று இந்த எண்களிலிருந்து பிரித்தெடுப்பது கடினம்.

கெடுவுக்கு விலையும் உண்டு. ஆழமில்லாத இடத்தில் திரும்பத் திரும்பச் சுரண்டினால் பிடிமானம் கூடாது, குறையும். அந்த எல்லை ஏறத்தாழ 2.9 மி.மீ. என்று லிண்டே குழு 1982இல் கணித்தது. நலமான இடத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுரண்டுவது பராமரிப்பு ஆகாது.

நான்காவது விடை: ஆளைப் பார்த்துக் கெடு

எல்லோருக்கும் ஒரே கெடு தேவையா என்ற கேள்வியை எழுப்பியவற்றுள் ஹிர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் 1978இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு முக்கியமானது. சிகிச்சை பெற்ற 600 பேரைச் சராசரியாக 22 ஆண்டு பின்தொடர்ந்தனர். 83.2 சதவீதத்தினர் ஈறு நோயால் மூன்று பல்லுக்கு மேல் இழக்கவில்லை. 12.6 சதவீதத்தினர் நான்கு முதல் ஒன்பது பல்லை இழந்தனர். வெறும் 4.2 சதவீதம், அதாவது 25 பேர், பத்து அல்லது அதற்கு மேல் இழந்தனர். மலையகத் தோட்டத்தில் கண்ட அதே வடிவம், சிகிச்சை பெற்றவர்களிடமும் தெரிந்தது: பெரும்பாலானோர் வேகமாகச் சரிவதில்லை, ஒரு சிறு குழு சரிந்துகொண்டே போகிறது. அந்தச் சிறு குழுவை முன்கூட்டியே அடையாளம் காண முடிந்தால், பராமரிப்பை அங்கே குவிக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பள்ளி இதில் முன்னோடி. ஈறை மெல்லத் தொட்டு அளக்கும்போது ரத்தம் கசிகிறதா என்பதை லாங் குழு பல ஆண்டு ஆராய்ந்தது. தொடர்ந்து நான்கு வருகையிலும் கசிந்த இடத்தில் பிடிமானம் குறைய ஏறத்தாழ 30 சதவீத வாய்ப்பே இருந்தது. ஆனால் கசியாத இடம் நிலையாக இருக்க 98 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தது. ரத்தம் வந்தால் ஆபத்து உறுதியல்ல. வராவிட்டால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம். 2003இல் லாங்கும் டொனெட்டியும் ஆறு அளவுகளைச் சேர்த்து ஓர் அறுகோண வரைபடம் அமைத்தனர்: ரத்தம் கசியும் இடங்களின் சதவீதம், 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் மிஞ்சிய பாக்கெட்டுகள், இழந்த பற்கள், வயதோடு ஒப்பிட்ட எலும்பு இழப்பு, நீரிழிவு போன்ற உடல்நிலையும் மரபும், புகைபிடித்தல். கோடு வெளியே விரிந்தால் கெடு சுருங்கும். உள்ளே அடங்கினால் நீளும்.

ஐரோப்பிய ஈறுநோய்க் கூட்டமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டி ஏறத்தாழ இந்தத் திசையிலேயே நின்றது: பராமரிப்பு வருகை 3 முதல் அதிகபட்சம் 12 மாத இடைவெளியில், நோயாளியின் ஆபத்து நிலைப்படி அமைய வேண்டும். இந்த வரைபடம் யாருக்குப் பல் போகக்கூடும் என்பதை ஓரளவு சரியாகவே கணிக்கிறது. ஆனால் கணிப்பதும் காப்பதும் ஒன்றல்ல. ஆபத்தைக் கணித்துக் கெடு வைத்தவர்கள், எல்லோருக்கும் ஒரே கெடு வைத்தவர்களைவிட நல்ல பலன் பெற்றார்கள் என்று நிரூபிக்கும் வலுவான சோதனை இன்னும் போதவில்லை.

ஐயவாதிகளின் விடை

சோதனைகளின் தரத்தையே கேள்வி கேட்பவர்கள் ஐந்தாவது பக்கத்தில் நிற்கிறார்கள். காக்ரன் என்ற அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பைப் பற்றிக் குலுக்கல் முறையில் நடந்த சோதனைகளைத் தேடியது. தகுதி பெற்றவை நான்கு. மொத்தம் 307 பேர். பராமரிப்பை வெறும் கண்காணிப்போடு ஒப்பிட்டதோ, ஓர் இடைவெளியை இன்னோர் இடைவெளியோடு ஒப்பிட்டதோ அவற்றில் ஒன்றுகூட இல்லை. எது மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே ஆய்வு முடிந்தது.

பிரிட்டனின் இரண்டு பெரிய சோதனைகளையும் இவர்கள் காட்டுகிறார்கள். 2018இல் வெளியான ஒன்றில் 1,877 பேர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரை எடுத்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தாலும், எடுக்காமலே விட்டாலும் மூன்று ஆண்டில் ஈறில் ரத்தம் கசிவது மாறவில்லை. 2020இல் வெளியான இன்னொன்றில் 2,372 பேர். பரிசோதனை இடைவெளி ஆறு மாதமோ, ஆபத்துக்கேற்பவோ, 24 மாதமோ, நான்கு ஆண்டில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த எண்களை ஈறு சிகிச்சை முடித்தவர்களுக்கு அப்படியே பொருத்துவதுதான் பிழை. இவை சாதாரணமாகப் பல் மருத்துவரிடம் போய்வரும் மக்களிடம் நடந்தவை. காரை எடுக்கும் சோதனை கடும் ஈறு நோயுள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. ஐயவாதிகள் கற்பித்த பாடம் வேறு: சான்று இல்லை என்பது பலன் இல்லை என்பதாகாது, அதே நேரம், சான்று இருப்பதுபோல் பேசவும் கூடாது.

வாய்க்கு வெளியே உள்ள காரணங்கள்

மேற்கண்ட விடைகள் எல்லாம் பல்லையும் படலத்தையும் சுற்றியே வருகின்றன. ஆனால் சரிந்துபோகும் அந்தச் சிறு குழுவில் புகைபிடிப்பவரும், கட்டுக்குள் வராத சர்க்கரை உள்ளவரும் அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிகிறது. புகை ஈறின் ரத்தக் கசிவை மறைக்கும் தன்மை உடையது. கசிவு இல்லையே என்று நம்பிக்கை வைப்பது புகைபிடிப்பவரிடம் ஏமாற்றக்கூடும்.

நீரிழிவோடு உறவு இருவழி. சர்க்கரை கூடினால் ஈறு கெடுகிறது. ஈறின் அழற்சி சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. 35 சோதனைகளைத் தொகுத்த 2022ஆம் ஆண்டுக் காக்ரன் ஆய்வில், ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.43 சதவீதப் புள்ளி குறைந்தது. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர் 10 கோடிக்கு மேல் என்று 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கணித்தது. 2016-17 கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 28.6 சதவீதத்தினர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினர். ஈறு பராமரிப்பைப் பல் மருத்துவரின் அறைக்குள் மட்டும் முடித்துவிட முடியாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

ஒரு வருகையில் நடக்க வேண்டியது

நம்மிடையே பராமரிப்பு வருகை என்றாலே 'க்ளீனிங்' என்று பொருளாகிவிட்டது. ஆனால் அதன் மையம் சுரண்டுவது அல்ல, அளப்பது. மி.மீ. கோடுகள் போட்ட மெல்லிய புரோப்பை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் மெதுவாக இறக்கி, "மூணு, ரெண்டு, மூணு" என்று சொல்லச் சொல்ல உதவியாளர் அட்டவணையில் குறிக்கிறார். 28 பல் என்றால் 168 எண்கள். அளந்த சில நொடியில் ரத்தம் எட்டிப் பார்த்த இடங்களுக்குத் தனிக் குறி. போன முறை நான்காக இருந்த இடம் இன்று ஆறு என்றால், வலியே இல்லாவிட்டாலும் அங்கே வேலை இருக்கிறது. அதன் பிறகே துலக்கும் முறையைப் பார்த்துத் திருத்துவதும், தேவைப்பட்ட இடத்தில் மட்டும் சுத்தம் செய்வதும், வெளியே தெரியும் வேருக்குச் சொத்தை வராமல் ஃப்ளூரைடு பூசுவதும். செயற்கைப் பல் பொருத்திய இம்ப்ளான்ட் இருந்தால் அதைச் சுற்றியும் அளக்க வேண்டும். பிரேசிலில் 2012இல் வெளியான ஆய்வில், இம்ப்ளான்ட்டைச் சுற்றி அழற்சி இருந்தவர்களில் பராமரிப்புக்கு வராதவர்களுக்கு ஐந்து ஆண்டில் 43.9 சதவீதம் எலும்பு அரிக்கும் நோயாக முற்றியது. வந்தவர்களுக்கு 18 சதவீதம்.

வராதவர்களும் அவர்களின் காரணங்களும்

எந்தக் கெடு சரி என்ற விவாதம், நோயாளி வருகிறார் என்று வைத்துக்கொண்டே நடக்கிறது. அமெரிக்காவில் ஒரு தனியார் ஈறு மருத்துவமனையின் ஏறத்தாழ ஆயிரம் நோயாளிகளைப் பற்றி வில்சன் குழு 1984இல் வெளியிட்ட கணக்கில், சொன்ன கெடுப்படி முழுமையாக வந்தவர்கள் 16 சதவீதம். சுமார் மூன்றில் ஒருவர் பராமரிப்புக்கு ஒருமுறைகூட வரவில்லை. நினைவூட்டல், எளிய நேரம், விளக்கம் எனப் பல முயற்சிக்குப் பின் முழுமையாக வந்தவர்களின் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அப்போதும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை.

தமிழ்நாட்டில் இதோடு வேறொரு தடையும் உண்டு. "க்ளீன் பண்ணினா பல்லு ஆடிடும், இடைவெளி விழுந்திடும், கூசும்" என்ற நம்பிக்கை பரவலானது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது சரியாகாது, ஏனெனில் மக்கள் கண்டது பொய்யல்ல. பல வருடக் காரை பல்லோடு பல்லை ஒட்டிப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கெனவே ஆடிய பல்லின் ஆட்டம் வெளிப்படும். வீங்கிய ஈறு வற்றியதும் எலும்பு போன இடம் கறுத்த இடைவெளியாகத் தெரியும். மூடியிருந்த வேர் வெளிப்பட்டதால் குளிர்ச்சி கூசும். காட்சி உண்மை, காரணம்தான் மாறிப்போகிறது. சிகிச்சைக்கு முன்பே இதை விளக்காத மருத்துவரிடம் நோயாளி மறுபடி வராமல் போவதில் ஆச்சரியமில்லை.

செலவும் தடையே. பெரும்பாலானோர் கைப்பணத்திலிருந்தே பல் மருத்துவம் பார்க்கிறார்கள். வலி இல்லாதபோது ஒரு நாள் கூலியையும் பயணச் செலவையும் அதற்கு ஒதுக்குவது எளிதல்ல. மேலைநாடுகளில் இந்த வருகைகளின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் பல் சுகாதாரப் பணியாளர்கள். 1913இல் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் அவர்களுக்கென்று முதல் பள்ளி தொடங்கினார். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமே இப்பணியாளர்களுக்குத் தனிப் பதிவேட்டை வகுத்தது. ஆனாலும் நடைமுறையில் சுத்தம் செய்வது பெரும்பாலும் பல் மருத்துவரே. அதற்கேற்ப நேரமும் கட்டணமும் கூடுகின்றன.

எது தெளிவு, எது திறந்த கேள்வி?

சிகிச்சை மட்டும் போதாது என்பது தெளிவு. ஐம்பது ஆண்டுச் சான்று, குறைகளோடு இருந்தாலும், ஒரே திசையில் நிற்கிறது. வீட்டுப் பராமரிப்பும் தொழில்முறைக் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல என்பதும், புகையிலையையும் சர்க்கரையையும் விட்டுவிட்டு ஈறை மட்டும் பார்ப்பது அரைச் சிகிச்சை என்பதும் ஏறத்தாழ உறுதி.

உறுதியாகாதவை மூன்று. ஒன்று, சரியான இடைவெளி. மூன்று மாதம் என்பது பாதுகாப்பான தொடக்கம். எல்லோருக்கும் என்றென்றைக்குமான விதி என்று அதைச் சொல்லச் சான்று இடம் தரவில்லை. இரண்டு, ஆபத்தைக் கணிக்கும் வரைபடங்கள் பல்லைக் காக்கவும் செய்கின்றனவா என்பது. மூன்று, பெரும்பாலும் ஸ்வீடனிலும் சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் திரண்ட இந்த அறிவு, கூலி வேலைக்குப் போகும், சர்க்கரையும் வெற்றிலை-புகையிலையும் கூடிய மக்களுக்கு எப்படிப் பொருந்தும் என்பது. நோயின் போக்கை அறிய மலையகத் தமிழர்களின் வாய் பயன்பட்டது. பராமரிப்பின் பலனை அறிய அத்தகைய மக்களிடம் நடந்த நீண்ட ஆய்வுகள் அரிது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்த வருகையிலேயே ஈறில் ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா என்று கேட்டு அனுப்பி வைப்பது பலன் தருமா என்பதைச் சோதித்துப் பார்ப்பது பெருஞ்செலவான காரியம் அல்ல.

அதுவரை, ஈறு சிகிச்சை முடித்தவர் தன் மருத்துவரிடம் மூன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது: இன்று எடுத்த அளவு அட்டவணையின் நகல், ரத்தம் கசிந்த இடங்களின் சதவீதம், அடுத்த வருகைக்கான தேதியும் அந்த இடைவெளிக்கான காரணமும். காரணத்தோடு சொல்லப்பட்ட தேதியை நோயாளி தள்ளிப்போடக் கூடாது. அளக்காமல் சுரண்டி அனுப்பும் வருகையைப் பராமரிப்பு என்று ஏற்கவும் கூடாது.